பிரஷர் கிளினிக் என்று நான் சொல்லி வைத்த இடம்

மகன்,

உன் உம்மா உன் இரகசியத்தைக் காப்பாற்றவில்லை. அவள்மேல் கோபப்படாதே. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். நான்காம் நாள் காலை என் முன்னால் தேத்தண்ணியை வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இஞ்ச பாருங்க, மகன் கொழும்புல ஒரு டொக்டரக் காட்டியிருக்கான். நித்திர இல்லயாம். வேலைக்கு வெளிக்கிடுற நேரம் கையெல்லாம் நடுங்குதாம். டொக்டர் கவுன்சலிங் போகச் சொல்லியிருக்கார். ஒருக்கா நாள் எடுத்திட்டுப் போகாம விட்டுட்டான். இப்ப இந்தச் சனிக்கிழமைக்குத் திரும்ப எடுத்திருக்கான். அதுக்கும் போவானோ தெரியா" என்றாள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பியவள், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "வாப்பாக்கு மட்டும் சொல்லிடாதீங்கன்னு சொன்னான்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குத்தியது. அதை நீ ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், அதற்கும் இந்தக் கடிதத்தில் வருவேன். போனில் கதைத்தால் நான் பாதியில் சத்தம் போட்டுவிடுவேன், அல்லது நீ "சரி வாப்பா, சரி வாப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ போகப் பயப்படுகிற அந்த அறைக்குள் நான் போயிருக்கிறேன், மகன். இரண்டு வருஷத்துக்கு முன் செவ்வாய்க்கிழமைகளில் நான் சிலாபத்துக்குப் போய்வந்தது பிரஷர் கிளினிக்குக்கு அல்ல. என் பிரஷர் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, ஒழுங்காகவே இருக்கிறது. நான் போனது மனநலக் கிளினிக்குக்கு. உன் உம்மாவைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. புத்தளத்தில் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் படுவேன் என்று சிலாபம்வரை போனேன்.

நஸீர் மாமாவை உனக்கு நினைவிருக்கும். பதினொரு வருஷம் நான் ஓட்டும் பஸ்ஸில் கொண்டக்டராக நின்றவன். கற்பிட்டியிலிருந்து கொழும்புவரை மிதிபலகையில் நின்றபடியே வருவான், உட்காரச் சொன்னால் சிரிப்பான். கூடப்பிறந்தவன் மாதிரி என்னை நானா என்றுதான் கூப்பிடுவான். அவன் பஸ்ஸிலேயே மௌத்தானது உனக்குத் தெரியும். ஊரெல்லாம் தெரியும். ஆனால் அன்று காலை, சுபஹ் தொழுதுவிட்டு நாங்கள் பஸ்ஸை எடுக்குமுன் நடந்த கதை அப்போது யாருக்கும் தெரியாது. நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தான். "நானா, நெஞ்சு எரியுது. இன்டைக்கு வேற ஆளப் போட ஏலுமா?" என்று கேட்டான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாயுடா அது. கண்டதத் திண்டிருப்பாய். ஏறு, நேரமாகுது" என்றேன். ஏறினான். முந்தலில் ஆட்கள் ஏறியபின் அவனுடைய "ரைட்" கேட்கவில்லை. ஹோர்ன் அடித்தேன். கண்ணாடியில் பார்த்தால், கதவோரத்து ஆசனத்தில் சாய்ந்து கிடக்கிறான். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். அத்தனை பயணிகளோடும் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்திருந்தது.

ஜனாஸாவுக்குப் பிறகு நான்கு நாளில் மறுபடி பஸ்ஸில் ஏறினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு வருஷம் ஓட்டினேன். அதற்குப் பிறகு ஒருநாள், முந்தலைத் தாண்டும்போது, நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினது மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது. விரல்கள் மரத்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. ஒரு தென்னந்தோட்டத்து வேலியோரம் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி, மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மௌத்து வந்துவிட்டது என்று நினைத்துக் கலிமாச் சொன்னேன். உள்ளே இருந்தவர்கள் "என்ன டிரைவர், என்ன நடந்த?" என்று கத்தினார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. நெஞ்சுக்கு ஈசீஜி எடுத்தார்கள், பிழை இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. உம்மா லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தாள், குடித்தேன். பஸ்ஸைப் பார்த்தாலே வியர்க்கத் தொடங்கியபோது முதலாளியிடம் லீவு கேட்டேன். மூன்றாம் முறை பார்த்த டொக்டர்தான், "உங்கட நெஞ்சு நல்லா இருக்கு. இது பயத்தால வாற வருத்தம். உண்மையான வருத்தம்தான், மருந்தும் இருக்கு. ஆனா மருந்து மட்டும் காணாது, ஒருவரோட இருந்து கதைக்கணும்" என்றார். "எனக்குப் பயித்தியம்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். எவ்வளவு கோபத்தோடு கேட்டேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபிக்கவில்லை. கடிதம் எழுதித் தந்தார். அதை ஆறு வாரம் அலுமாரியில் வைத்திருந்தேன். நீ ஒரு முறைதான் போகாமல் விட்டிருக்கிறாய்.

கட்டிலில் படுக்க வைத்து மயக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் இழுத்தெடுப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு சின்ன அறை, இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மேசை, சுவரில் மணிக்கூடு. அவ்வளவுதான். உள்ளே இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை. என் மூத்த மகள், உன் தாத்தாவின் வயதுதான் இருக்கும். எழும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவள் பெயர் திலினி. முன்னேஸ்வரத்தில் தமிழ் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவளாம், தமிழ் நன்றாகக் கதைத்தாள். சிலவேளை ஒரு சொல் வராமல் நிற்பாள். நானும் சந்தைச் சிங்களம் கதைப்பவன்தான், ஆனால் நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்ல என்னிடம் சிங்களம் இல்லை. "அங்கிள், 'பதகளிப்பு' எண்டா என்ன? எனக்கு விளங்கல்ல, வேற மாதிரிச் சொல்லுங்க" என்று கேட்டாள். அதைச் சொல்லிக் காட்டுவதற்காக, அதுவரை நான் யாருக்கும் விவரித்திராததை விவரித்தேன். கயிறு, விரல், மூச்சு, எல்லாம். அவளுக்கு விளங்கப்படுத்தும்போதுதான் எனக்கே கொஞ்சம் விளங்கியது.

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான், மகன். எப்போது தொடங்கியது, எப்படி நித்திரை, எப்படிச் சாப்பாடு, வீட்டில் யார் யார், சின்ன வயதில் என்ன. நடுவில் மெல்லிய குரலில், "செத்துப் போனா நல்லம் எண்டு நினைச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹராமான காரியத்தை இப்படியா கேட்பது! ஆனால் ஓரிரண்டு தரம் நினைத்திருந்தேன். சொன்னேன். அவள் பதறவில்லை. எப்போது, எப்படி என்று இன்னும் கேட்டாள். சொல்லி முடித்தபோது, தோளில் இருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கின மாதிரி இருந்தது. உனக்கும் அப்படி ஏதாவது நினைப்பு வந்திருந்தால் அதை முதலில் சொல்லு. சனிக்கிழமைவரை காத்திருக்கவும் வேண்டாம். எந்த நேரமானாலும் எனக்கோ உம்மாவுக்கோ எடு. "நீங்க இஞ்ச சொல்றது இந்த ரூமுக்க இருக்கும். உங்கட உயிருக்கோ வேற ஆக்கள்ட உயிருக்கோ ஆபத்து எண்டா மட்டும் நான் மத்த ஆக்களோட கதைக்கணும். அதையும் உங்களுக்குச் சொல்லித்தான் செய்யப் பார்ப்பன்" என்று அவள் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள். உன்னுடைய ஆள் அதைச் சொல்லாவிட்டால் நீயே கேள். கேட்பதில் பிழை இல்லை. எத்தனை தரம் வர வேண்டியிருக்கும், என்ன மாதிரிச் செய்வீர்கள் என்றும் கேட்கலாம். நான் கேட்டேன். முடிவாகச் சொல்ல ஏலாது, பத்துப் பதினைந்து தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இடையில் இருவரும் பார்ப்போம் என்றாள். பிறகு, "இதால உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "பஸ் ஓடணும்" என்றேன். எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் கோபத்தோடு வந்தேன். அவள் எனக்கு ஒரு வழியும் சொல்லவில்லையே! இவ்வளவு தூரம் வந்து நான் கதைப்பதும் அவள் கேட்பதும் என்றால் இதில் என்ன வைத்தியம்? நேரே சொல்லிவிட்டேன். "அங்கிள் கோபப்பட்டது நல்லம். இப்படிச் சொன்னாத்தான் எனக்கும் தெரியும்" என்றாள். புத்தி சொல்வது அவளுடைய வேலை இல்லை என்பது எனக்கு விளங்கவே மூன்று நாலு வாரம் எடுத்தது. அவள் சிநேகிதியும் இல்லை. என் கதையைக் கேட்டுத் தன் கதையைச் சொல்ல மாட்டாள். ஐம்பது நிமிஷம் ஆனால் நிறுத்துவாள். ஒருநாள் நான் அழுதுகொண்டிருக்கும்போதே, "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு அங்கிள், கொஞ்சம் மூச்சு எடுப்போம்" என்று சொல்லி, என்னை ஆற வைத்துத்தான் அனுப்பினாள். அன்று அது எனக்குக் கல்மனசாகப் பட்டது. அந்தக் கண்ணோடு நான் சிலாபம் பஸ் ஸ்டாண்டில் நிற்கக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள் என்பது பிறகு விளங்கியது. மூன்று நாலு தரம் போயும் அந்த ஆளோடு உனக்கு ஒத்து வரவில்லை என்றால், சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போ. ஆள் சரியில்லை என்பதற்காக வைத்தியமே வேண்டாம் என்று வந்துவிடாதே.

வீட்டுப்பாடமும் உண்டு. இந்த வயதில் எனக்குக் கொப்பி! பயம் வந்தால் எங்கே நின்றேன், என்ன நினைத்தேன், பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். உன்னுடைய பழைய பாடக் கொப்பி ஒன்றில் பின்பக்கத்திலிருந்து எழுதினேன். "சாகப் போகிறேன்" என்று ஒவ்வொரு தரமும் எழுதியிருந்தேன். பக்கம் பக்கமாக எழுதியும் சாகவில்லை என்பதை அவள் விரல் வைத்துக் காட்டியபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பஸ் வந்தது. முதலில் நிறுத்தி வைத்த பஸ்ஸில் சும்மா உட்கார வேண்டும். பிறகு என்ஜினைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். பயம் ஏறினாலும் இறங்கி ஓடக்கூடாது, அது தானாக இறங்கும்வரை இருக்க வேண்டும். முதலாளிக்கு மட்டும் "வருத்தத்துக்கு டொக்டர் சொன்ன பயிற்சி" என்று சொன்னேன். அந்த மனிதர் மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. வெறும் பஸ்ஸைப் பாலாவிச் சந்திவரை ஓட்டிப்போய்த் திருப்பினேன். சட்டை நனைந்து போனது. அடுத்த கிழமையும் போனேன். சட்டை கொஞ்சம் குறைவாக நனைந்தது.

இது நேரான ரோட்டு மாதிரிப் போகும் என்று நினைத்துவிடாதே. ஐந்தாம் தரம் போனபோதுதான் நஸீர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். "ஏறு" என்ற அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? அவளும் அவசரப்படுத்தவில்லை. சொன்ன பிறகு சுகமாகும் என்றுதானே நினைப்போம்? இரண்டு கிழமை படுமோசமாக இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை, உம்மாவோடு சண்டை. இந்தப் பிள்ளை ஆறிய புண்ணைக் கீறிவிட்டாள் என்று நினைத்து, ஒரு செவ்வாய் போகாமல் நின்றுவிட்டேன். உம்மாதான், "சொல்லிட்டு வாங்க. வேணாம்னாலும் முகத்துக்கு நேரச் சொல்லிட்டு வாங்க" என்று அனுப்பினாள். போனேன். ஏன் வரவில்லை என்று அவள் அதட்டவில்லை. வராமல் நின்ற அந்த ஒரு கிழமையைப் பற்றியே முழு நேரமும் கதைத்தோம். சில வாரங்கள் இப்படிக் கூடிப் பிறகு குறைவது உண்டு, கூடினால் மறைக்காமல் வந்து சொல்லுங்கள் என்றாள். உனக்கும் அப்படி ஒரு கிழமை வரலாம். வந்தால் ஓடிவிடாதே, போய் அதையே சொல்லு.

"உங்கட பிழை இல்ல" என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தரமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "அண்டைக்குக் காலையில, கண்ணாடி துடைச்ச நேரம், உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். நெஞ்சு எரியுது என்றான், அது தெரியும் என்றேன். "வேற?" இதற்கு முன்னும் அவனுக்கு வாயு வந்திருக்கிறது, சோடா குடித்தால் போய்விடும். "வேற?" வேறு ஒன்றும் தெரியாது. "சாகப் போறார் எண்டு தெரியுமா?" தெரியாது என்றேன். தெரிந்திருந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன், மகன். இதை வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். என் வாயால் நானே சொன்னதால் நம்ப வேண்டியதாகிவிட்டது. திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னது பிழைதான், அது என்னுடையதுதான். அவனுடைய மௌத்து என்னுடையது இல்லை. இரண்டையும் பிரித்து வைக்க எனக்கு அத்தனை செவ்வாய்க்கிழமைகள் தேவைப்பட்டன.

அதற்குப் பிறகு நான் நஸீரின் மனைவியைப் பார்க்கக் குறிஞ்சிப்பிட்டிக்குப் போனேன். திலினி மிஸ் போகச் சொல்லவில்லை. போகலாமா என்று கேட்டேன், போனால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாள், அவ்வளவுதான். மௌத்துக்குப் பிறகு பெருநாள்களுக்குத் தவிர அந்த வீட்டுப் பக்கம் நான் போனதில்லை. அன்று காலை நடந்ததைச் சொன்னேன். கதவோரம் நின்று ஸரீனா மாமி எல்லாவற்றையும் கேட்டாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நானா, அண்டைக்குச் சுபஹுக்கு எழும்பினதும் அவர் எனக்கிட்டயும் அப்படித்தான் சொன்னார், நெஞ்சு எரியுதுன்னு. நானும் வாயுன்னுதான் சொன்னன். இஞ்சி போட்டுப் பிளேன்டி ஊத்திக் குடுத்து, நான்தானே அனுப்பி வெச்சன். இவ்வளவு காலமும் இத நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல" என்றாள். அந்த வீட்டு வாசலில் நாங்கள் இருவரும் அழுதோம். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் பயந்து உள்ளே போனார்கள். பிறகு அவள் எனக்கும் ஒரு பிளேன்டி ஊற்றித் தந்தாள். கற்பிட்டி ரோட்டில் மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது, எவ்வளவோ காலத்துக்குப் பிறகு பசித்தது.

போகப் போகச் செவ்வாய்கள் தூரமாகின. இரண்டு கிழமைக்கு ஒரு தரம், பிறகு மாதத்துக்கு ஒரு தரம். டொக்டர் தந்த குளிசையையும் அவர் சொன்னபடிதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், நானாக நிறுத்தவில்லை. கடைசி நாள், திரும்ப வந்தால் என்ன செய்வேன் என்று இருவருமாக ஒரு தாளில் எழுதினோம். இன்றைக்கும் சிலவேளை முந்தலில் நெஞ்சு இறுகும். வந்துவிட்டாயா என்று நினைத்துக்கொண்டே கியரை மாற்றுவேன், கொஞ்ச தூரத்தில் போய்விடும். பஸ் நிறைய ஆட்களோடு கொழும்புக்குப் போய்வருகிறேன், அல்ஹம்துலில்லாஹ். தொழுகையை விட்டுவிட்டு இதற்குப் போகவில்லை, இதற்குப் போனதால் தொழுகையும் குறையவில்லை. கால் உடைந்தால் கட்டுப் போடுகிறோம், துஆவும் கேட்கிறோம்தானே, அப்படித்தான்.

இனி உன்னுடைய கதைக்கு வருகிறேன். உயர்தரப் பரீட்சையின் இரண்டாம் நாள் நீ பாதி வழியில் திரும்பி வந்தாய். வியர்த்து, உதடு வெளுத்து, வாசலில் நின்று "வாப்பா, உள்ள போக ஏலாம இருக்கு, மூச்செடுக்க ஏலாம இருக்கு" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். "ஆம்பளப் புள்ள இப்படியா நடிக்கிற? படிக்காதவன் சொல்ற சாட்டு" என்றேன். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், பாடசாலை கேட்டுக்குள் உன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். நீ உள்ளே போனாய், எழுதினாய். அன்றிலிருந்து உனக்கு வலிக்கிற எதையும் என்னிடம் சொன்னதில்லை. உன் முகத்தில் அன்று இருந்தது என்னவென்று, தென்னந்தோட்டத்து மண்ணில் நான் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். பிரஷர் கிளினிக் என்று பொய் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ நடிக்கவில்லை, மகன். நான்தான் பார்க்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை போ. எப்படிப் போனது என்று நான் கேட்க மாட்டேன், உம்மாவையும் கேட்க விட மாட்டேன். துணைக்கு ஆள் வேண்டுமானால் சொல்லு, லீவு போட்டுவிட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வேண்டாம் என்றாலும் எனக்குக் கோபம் இல்லை. உள்ளே போன பிறகு வாப்பாவைப் பற்றி அந்நிய ஆளிடம் எப்படிக் குறை சொல்வது என்று உனக்குத் தயக்கம் வரும். எனக்கும் வந்தது, என் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தபோது. ஆனால் சொன்னேன். அதனால் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை, நான் அவருக்குக் கேட்கிற துஆவும் நிற்கவில்லை. ஆகவே என்னைப் பற்றிச் சொல்ல இருப்பதையெல்லாம், ஒன்றையும் மெதுவாக்காமல், நான் உன்னைத் தள்ளின அந்தக் கேட்டிலிருந்தே தொடங்கிச் சொல்லு. அதற்கு உன் வாப்பாவின் முழுச் சம்மதம் உண்டு.